பரஸ்தானம் போன ஹெல்மெட்

ட்ரையத்லானுக்காக நான் செய்த பயிற்சியில் முக்கால் பங்கு லாட்ஜ் தேடியதுதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மீதிக் கால் பங்கில் கொஞ்சம் நீந்தினேன், கொஞ்சம் சைக்கிள் மிதித்தேன், கொஞ்சம் ஓடினேன். மூன்றுக்கும் நடுவில் நிறைய டிபன் சாப்பிட்டேன்.

இந்தப் போட்டியைப் பற்றித் தெரியாத பாக்கியவான்களுக்காகச் சொல்கிறேன். முதலில் கடலில் நீந்த வேண்டும். கரையேறியதும் ஈரம் சொட்டச் சொட்ட சைக்கிள் ஓட்ட வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும் கால்நடையாக ஓட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. அதற்குள் முடிக்காதவரை அடுத்ததற்கு விட மாட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர் இதற்குப் பணம் கட்டிப் பெயர் கொடுக்கிறார் என்றால், அவருக்கு வீட்டில் வேறு பொழுதுபோக்கு அனுமதிக்கப்படவில்லை என்று அர்த்தம்.

அதற்கு முன் இரண்டு முறை பெயர் கொடுத்துவிட்டுப் போகாமல் இருந்திருக்கிறேன். ஒரு முறை முழங்கால் வலித்தது. இன்னொரு முறை முழங்கால் வலிக்கக்கூடும் என்று தோன்றியது. ஆனால் சைக்கிள் மட்டும் வாங்கியாகிவிட்டது. அபிராமபுரத்தில் எங்கள் ஃப்ளாட்டின் ஹாலில் அதை நிறுத்துவதற்காக என் மனைவியின் தேக்கு ஊஞ்சலைக் கழற்றி, பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கூரையில் இரண்டு கொக்கிகள் மிச்சமிருந்தன. அவற்றில் ஈர நீச்சலுடையைக் காயப்போட்டேன். அதுதான் அவளைத் தூண்டிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

என் மனைவி தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். வாய்ப்பேச்சுக்கே முத்திரை குத்திக் கொடுப்பாள்.

"இது மூணாவது தடவை. இந்த சைக்கிள் இந்தத் தடவை ஒரு போட்டியில ஓடணும். ஓடலேன்னா ஊஞ்சலை மறுபடி மாட்டறேன். நீங்க அங்க போய் நிக்கறது, போட்டோ எடுத்துக்கறது, மெடல் மாட்டிண்டவா பக்கத்துல சிரிக்கறது, இதெல்லாம் கணக்கில சேராது. சைக்கிள் ஓடணும்."

"ஓடும்" என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு நேராகப் போய் லாட்ஜ் தேட உட்கார்ந்தேன்.

போட்டி நாகப்பட்டினம் போகிற வழியில் ஒரு சின்னக் கடலோர ஊரில். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நீச்சல் தொடங்கும். அதனால் சனி இரவு அங்கே தங்கியே ஆக வேண்டும். எங்கள் பயிற்சிக் குழுவில் பெரும்பாலோர் மென்பொருள் இளைஞர்கள். அடையாறில் ஒரு நீச்சல் குளத்தில் காலையில் கூடுவோம். அவர்கள் நீந்துவார்கள். நான் குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தங்குமிடம் பற்றி விசாரிப்பேன். நீச்சலைப் பற்றிப் பேச்செடுத்தால் நீந்தச் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

போட்டி அறிவிப்பு வந்த அன்றே அவர்கள் கடலை ஒட்டிய ரிசார்ட் ஒன்றில் அறை எடுத்துவிட்டார்கள். நான் அப்படி அவசரப்படுகிறவன் அல்ல. கத்தரிக்காய் வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிற வம்சம். அந்த ஊர் லாட்ஜுகளில் தங்கியவர்கள் இணையத்தில் எழுதி வைத்ததையெல்லாம் படித்தேன். ஒருவர் 'சாம்பார் பிரமாதம்' என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். அறைக்குக் கதவு இருந்ததா என்று சொல்லவில்லை. இன்னொருவர் 'மின்விசிறி போடுகிற சத்தத்தில் பக்கத்து அறைச் சண்டை காதில் விழவில்லை, நன்றி' என்று எழுதியிருந்தார். உலகில் வெளிவந்த தடித்தடிப் புத்தகங்கள் பலவற்றை நான் பாதியில் மூடியிருக்கிறேன். இவற்றை ஒரு வரி விடாமல் படித்து முடித்தேன். படித்து முடித்தபோது அந்த ஊரில் ஒரே ஒரு லாட்ஜில்தான் இடம் மிச்சமிருந்தது. சாம்பாரும் அங்கே கிடையாது.

இந்த இடத்தில் என் அத்திம்பேரைச் சொல்லியாக வேண்டும். அக்காவின் கணவர், மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் வீடு, வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் குடும்பத்தில் யார் எந்த ஊருக்குப் போவதாக இருந்தாலும் அவரைக் கேட்காமல் டிக்கெட் எடுப்பதில்லை. அவரைப் பொறுத்தவரை பூமியில் ஊர்கள் இரண்டே வகை: வெந்நீர் வருகிற ஊர், வெந்நீர் வராத ஊர். அவர் காசிக்குப் போய்விட்டு வந்தபோது கங்கை எப்படி இருந்தது என்று கேட்டேன். "ரூம்ல காலங்கார்த்தால நாலு மணிக்கே வெந்நீர் வந்துடுத்துடா" என்றார் கண்கள் பனிக்க.

லாட்ஜுக்கு நானே போன் செய்தேன். மேனேஜர் எடுத்தார்.

"சனிக்கிழமை ஒரு ராத்திரிக்கு ரூம் வேணும்."

"எத்தனை பேரு சார்?"

"நான் ஒருத்தன்தான்."

"என்ன விஷயமா வர்றீங்க?"

ட்ரையத்லான் என்று சொன்னால் விளக்கவேண்டி வரும் என்று சுருக்கமாக முடித்தேன். "கடல்ல ஒரு வேலை இருக்கு."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தார்கள். நானே தொடர்ந்தேன். "லாட்ஜுலேர்ந்து கடலுக்கு நடந்தே போயிடலாமா?"

"போலாம்..."

"விடியறதுக்கு முன்னாடி இறங்கணும். அந்த நேரத்துல கேட்டைத் திறந்து விடுவீங்களா?"

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. வயசு என்ன ஆவுது?"

"அம்பத்திமூணு."

"வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

"ஆமா. அதுக்காகத்தான் வர்றதே." ஊஞ்சல் விவகாரம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியம்.

"ரூமை எப்ப காலி பண்ணுவீங்க?"

"அது தெரியாதுங்க. கடல்லேர்ந்து திரும்பி வந்தப்புறம்தான் சொல்ல முடியும்."

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அப்புறம் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார். "சார், ஒத்தை ஆளுக்கு இங்க ரூம் கொடுக்கிறதில்லை. குடும்பத்தோட வாங்க. எது எப்படியிருந்தாலும் ஒரு வார்த்தை வீட்டுக்காரம்மாகிட்ட மனசு விட்டுப் பேசுங்க. பக்கத்துலயே அம்மன் கோயில் இருக்கு, நானே கூட்டிட்டுப் போறேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. போனை மனைவியிடம் கொடுத்தேன்.

"நான் அவரோட ஒய்ஃப்தான் பேசறேன். அவர் நீச்சல் போட்டிக்கு வரார்... இல்ல இல்ல, நீங்க நினைக்கற மாதிரி எதுவும் இல்ல. இவர் எந்தக் காரியத்தையும் முழுசா முடிக்கற ஆளே இல்ல... சரி. நானும் வரேன்."

இப்படியாக, நான் உயிரோடு இருக்க விரும்புகிறேன் என்பதற்குச் சான்றாக என் மனைவி என்னோடு புறப்படவேண்டியதாயிற்று.

அறை கிடைத்த செய்தியைச் சொல்லப் போனபோது அத்திம்பேர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் விபரீதம்.

"நோக்கு வெள்ளிக்கிழமையே சந்திராஷ்டமம் ஆரம்பிச்சுடறதேடா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் விடாது."

சந்திராஷ்டமம் என்பது சந்திரன் நம் ராசிக்கு எட்டாம் இடத்தில் வந்து உட்காருகிற இரண்டே கால் நாள். அப்போது பயணம் கிளம்பக் கூடாது, புதிதாக எதையும் தொடங்கக் கூடாது, மனைவியோடு வாக்குவாதம் செய்யக் கூடாது. மூன்றாவதை நான் வருஷம் முழுக்கவே கடைப்பிடிக்கிறேன்.

"போட்டியைத் தள்ளிவைக்கச் சொல்ல முடியாது அத்திம்பேர்."

"யார் சொல்லச் சொன்னா? பரஸ்தானம் வெச்சுடலாம்."

பரஸ்தானம் என்றால் இதுதான். பயணத்துக்கு நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல வேளையில் நம் சாமான் ஒன்றை நம் வீட்டைவிட்டு வெளியேற்றி, போகிற திசையில் இருக்கும் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். சாமான் கிளம்பிவிட்டதால் சாஸ்திரப்படி நாமும் கிளம்பிவிட்டோம். அப்புறம் எந்தக் கெட்ட வேளையில் வேண்டுமானாலும் உடம்பு பின்னால் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். வருமான வரிச் சட்டத்தில்கூட இவ்வளவு நேர்த்தியான ஓட்டை கிடையாது.

புதன்கிழமை காலை அத்திம்பேர் வந்துவிட்டார். எங்கள் வாசலில் நின்று போனில் திசைகாட்டியைத் திறந்து, ஒரு சுற்றுச் சுற்றி, எதிர் ஃப்ளாட்டை நோக்கிக் கையை நீட்டினார். "அசல் தெக்கு. பகவானாப் பார்த்து கட்டியிருக்கான்."

நான் ஒரு பழைய வேட்டியை மடித்து எடுத்து வந்தேன். அத்திம்பேருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கிழிசல் வேஷ்டியை வெச்சு கிரகத்தை ஏமாத்தப் பாக்கறியா? அங்க போனா எது இல்லேன்னா நோக்கு காரியம் நடக்காதோ, அதை வைக்கணும்."

காரியம் நடக்காத சாமான் என்றால் சந்தேகமே இல்லை, ஹெல்மெட்தான். ஹெல்மெட் இல்லாதவரைச் சைக்கிளைத் தொடவே விட மாட்டோம் என்று போட்டிக்காரர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார்கள். ஏதோ ஒரு கல்யாணத்தில் தேங்காயோடு கொடுத்த தாம்பூலப் பையில் ஹெல்மெட்டை வைத்தேன். நீச்சல் கண்ணாடியை வைத்தேன். போட்டிக்கென்று வாங்கிய, உடம்போடு ஒட்டிக்கொள்கிற உடையையும் வைத்தேன். அந்த உடையைப் பிரித்துப் பார்த்த என் மனைவி, "இதைப் போட்டுண்டு கிளம்பறதுக்கு நல்ல வேளை பார்த்தா போறாது, ஆள் நடமாட்டமும் பார்க்கணும்" என்றாள்.

எதிர் ஃப்ளாட்டில் இருப்பவர் திருவல்லிக்கேணியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பாய். பத்து வருஷமாக எங்கள் வீட்டுச் சாவி அவரிடமும் அவர் வீட்டுச் சாவி எங்களிடமும் மாறி மாறி இருந்துவருகிறது. அத்திம்பேர் பையை அவர் கையில் கொடுத்து விளக்கினார்.

"பாய், இது வெறும் பை இல்ல. இது இந்த நிமிஷத்துலேர்ந்து யாத்திரை போயிண்டிருக்கு."

"புரிஞ்சுது மாமா. எங்கள்ல அமானிதம்னு சொல்வோம். ஒருத்தர் நம்பி ஒண்ணைக் கொடுத்தா, கொடுத்தவர் கைல திருப்பிச் சேர்க்கிற வரைக்கும் அது நம்ம கழுத்துல தொங்குற மாதிரி."

"பேஷ்! இது திரும்பி அவாத்து வாசப்படியை மிதிக்கப்டாது. கிளம்பறச்சே அவனா வந்து வாங்கிப்பான்."

"சரி மாமா."

"இன்னொண்ணு. அவன் கிளம்பறச்சே எங்க போறேள்னு கேக்கப்டாது. பின்னாலேர்ந்து கூப்பிடவே கூடாது. அபசகுனம்."

"வாயே திறக்க மாட்டேன்."

பாய் பையைத் திறந்து நீச்சல் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது தொழில் புத்தி. "சார், இது வெறுங் கண்ணாடி. உங்களுக்கு இருக்கிற கிட்டப்பார்வைக்கு இதைப் போட்டா எதிர்ல நிக்கிற யானை தெரியாது. பவர் போட்டுத் தரட்டா?"

"கடல்ல படிக்கறதுக்கு என்ன பாய் இருக்கு?" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே பையை உள்ளே எடுத்துப்போய், இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுகிற சத்தம் கேட்டது. இந்த மயிலாப்பூர் சாஸ்திரமும் அந்தத் திருவல்லிக்கேணி நாணயமும் கைகுலுக்கிக்கொண்டதைப் பார்த்து நான் நெகிழ்ந்துபோனேன். குலுக்கிய கைகளுக்கு நடுவில் என் ஹெல்மெட் மாட்டிக்கொண்டது எனக்கு அப்போது தெரியாது.

சனிக்கிழமை காலை ராகு காலத்துக்குள் மாட்டக் கூடாது என்று அத்திம்பேர் எங்களை விரட்டினார். வாடகைக் கார் வாசலில் நின்றது. டிரைவர் என் சைக்கிளைக் கூரையில் ஏற்றிக் கட்டும்போது அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, மட்கார்டு இல்ல, பெல்லு கூட இல்ல. வாங்கும்போதே இப்டியா, இல்ல எவனாச்சும் கழட்டிக்கினு போய்ட்டானா?"

"வாங்கும்போதே இப்படித்தான்."

"அப்ப ஏமாத்திட்டானுங்க சார்."

இந்த உரையாடலுக்கு நடுவே அத்திம்பேர் கீழேயிருந்து "ஒம்போது அடிக்கப் போறதுடா!" என்று கத்த, நான் மேலே ஓடி, பெட்டிகளை இழுத்து, கதவைப் பூட்டி, மனைவியையும் இழுத்துக்கொண்டு லிஃப்டில் நுழைந்தேன். கார் கிளம்பியது. அத்திம்பேர் முகத்தில் ஒரு ராக்கெட்டை விண்ணில் செலுத்திய திருப்தி.

மாமல்லபுரம் தாண்டிப் பொங்கல் சாப்பிட நிறுத்தினோம். பாதி பொங்கலில் என் மனைவி கேட்டாள்.

"ஹெல்மெட் எந்தப் பெட்டியில இருக்கு?"

"பரஸ்தானத்துல..." என்றேன். சொல்லிக்கொண்டே வந்தவன் வடையைக் கீழே வைத்தேன்.

எனக்கு முன்பே பயணம் கிளம்பிய ஹெல்மெட், எதிர் ஃப்ளாட் வரை போய் அங்கேயே தங்கிவிட்டது. மாதக்கணக்கில் லாட்ஜ் தேடியது நான். பாதுகாப்பான தங்குமிடம் கிடைத்தது அதற்கு.

"வேற ஒண்ணு வாங்கிக்கலாமே?" என்றாள்.

"அந்த ஊர்ல இந்த ஹெல்மெட் கிடைக்காது."

டிரைவர் பக்கத்து மேஜையிலிருந்து ஆறுதல் சொன்னார். "என் தம்பியோட பைக் ஹெல்மெட்டு டிக்கில கீது சார். மாட்டிக்கினு ஓட்டு. எவன் கேக்கப்போறான்?"

கேட்பதற்கென்றே போட்டிக்காரர்கள் ஆள் வைத்திருந்தார்கள். அத்திம்பேருக்குப் போன் செய்து திரும்பி வரட்டுமா என்றேன். "கிளம்பினவன் திரும்பவே கூடாது! அதுவும் ராகு காலத்துல!" என்று அலறினார். அவர் அலறாவிட்டாலும் திரும்ப முடியாது. மாலைக்குள் நேரில் போய்ப் போட்டி எண்ணை வாங்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். என் மனைவி நிதானமாகக் காப்பி குடித்தாள். அவள் மனத்தில் ஊஞ்சல் மெதுவாக ஆடத் தொடங்கிவிட்டது எனக்குத் தெரிந்தது.

பாய்க்குப் போன் செய்தேன்.

"சார், காலைல அலமாரியைத் திறந்து பையைக் கைல வெச்சிக்கினு வாசல்லயே நின்னேன். நீங்க ரெண்டு பேரும் பொட்டியை இழுத்துக்கினு லிஃப்டுக்குள்ள போனீங்க. பின்னாடிலேர்ந்து கூப்பிடக் கூடாதுன்னு மாமா சொல்லியிருந்தாரே. சரி, முன்னாடி வந்து நிக்கலாம்னு படியில இறங்கி ஓடினேன். அதுக்குள்ள கார் போய்டுச்சு."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே பாய்!"

"போன் பண்ணா மட்டும் இன்னா சார், அதுவும் பின்னாடிலேர்ந்து கூப்பிடறதுதானே?"

 இந்த வாதத்தை ஐந்து வருஷம் சட்டம் படித்தவனாலும் உடைக்க முடியாது.

"பாய், யார் கையிலாவது பஸ்ஸுல கொடுத்து அனுப்ப முடியுமா?"

அவர் குரல் மாறிவிட்டது. "அமானிதத்தை பஸ்ஸுல ஏத்தி அனுப்பச் சொல்றீங்களா? உங்க கைலேர்ந்து வாங்கினது சார். உங்க கைலதான் கொடுக்கணும். வீட்லயும் ரொம்ப நாளா நாகூர் போகணும் நாகூர் போகணும்னு சொல்லிக்கினு இருக்காங்க. கடையை மூடிட்டுக் கிளம்பறோம். சாயங்காலம் அங்க இருப்போம்."

அவருடைய பயண ஏற்பாடு அந்த ஒரு போனுக்குள் முடிந்துவிட்டது.

லாட்ஜில் மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்துத்தான் பேசினார். "வந்துட்டீங்களாம்மா, நல்லது." கீழ்த்தளத்தில் சமையலறையை ஒட்டிய அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரை அறைக்குள்ளிருந்தே தொடலாம். குழாயில் தண்ணீர் வந்தது. வெந்நீர் எப்போது வரும் என்று கேட்டேன். "அது வரும்போது வரும் சார்" என்றார் மேனேஜர். தத்துவத்தில் அவருக்கு என்னைவிடத் தேர்ச்சி அதிகம்.

சாயங்காலம் பாயும் அவர் மனைவியும் வந்து இறங்கினார்கள். பாய் நேராக என்னிடம் வந்து இரண்டு கைகளாலும் பையை நீட்டினார். நான் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். ஏதோ சம்பந்தம் பேசி முடித்ததுபோல் இருந்தது. அந்த நேரம் பார்த்து மாடியில் யாரோ அறை வேண்டாம் என்று சொல்லிவிட, பாய்க்கு அது கிடைத்தது. கடற்காற்று, கட்டில், பால்கனி. கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, எங்க ரூம்ல வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வருது, வந்து குளிச்சிட்டுப் போங்க" என்றார். என் மனைவி துண்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் லாட்ஜ் விமர்சனங்களைப் படித்துக் கழித்த மாதங்களை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை ஹெல்மெட்டைத் தாம்பூலப் பையோடு சைக்கிள் கைப்பிடியில் மாட்டி, மற்ற சைக்கிள்களோடு வரிசையில் நிறுத்திவிட்டு, அந்த ஒட்டுடையோடு கடற்கரையில் போய் நின்றேன். சுற்றிலும் இளைஞர்கள் கைகளைச் சுழற்றினார்கள், கால்களை உதறினார்கள். எனக்கு உதற வேண்டிய அவசியம் இல்லாமல் அவையே உதறின. மேடு ஏறி நின்ற என் குடும்பத்தைத் திரும்பிப் பார்த்தேன்: என் மனைவி, பாய், பாயின் மனைவி, அவர்களுக்கு அடுத்து, கவலை தோய்ந்த முகத்தோடு, லாட்ஜ் மேனேஜர்.

விசில் ஊதியது. கடலில் இறங்கினோம்.

விதி எளிமையானது. கடலில் ஆரஞ்சு நிறத்தில் பெரிய மிதவைகள் போட்டிருப்பார்கள். அவற்றைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு உலகம் நனைந்த ஓவியம். அந்த நேரம் பார்த்து சூரியன் வேறு உதித்துத் தொலைத்தது. கடல் பூராவும் ஆரஞ்சு. அதில் அழுத்தமாகத் தெரிந்த ஒரு ஆரஞ்சைக் குறிவைத்து நீந்தினேன். நானே வியக்கும்படி நீந்தினேன். பக்கத்தில் யாருமே இல்லாததைப் பார்த்து, எல்லோரையும் முந்திவிட்டேனோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். வாழ்க்கையில் அந்த ஒரு கணத்துக்காகப் போட்டிக்காரர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

பக்கத்தில் ஒரு படகு வந்தது. காவலுக்கு நிறுத்தியிருந்த மீனவர் துடுப்பை நிறுத்திவிட்டுக் குனிந்தார்.

"அண்ணே, எங்க போறீங்க? இலங்கைக்கா?"

"மிதவைக்கு."

"இது எங்க மாமன் வலைக்குக் கட்டுன மிதவைண்ணே. உங்க ஆளுங்களோடது அந்தா, அங்க கெடக்கு."

அவர் காட்டிய திசையில் எனக்கு எதுவும் தெரியவில்லை. படிப்பதற்குக் கடலில் ஒன்றும் இல்லை என்று பாயிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. நானாக நீந்தித் திரும்புகிறேன் என்றேன். அவர் கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கெடு முடிந்ததற்கு அடையாளமாகக் கரையில் ஏற்றிய கொடியைப் பார்த்தார். பிறகு அக்குளில் கை கொடுத்து, வலையில் விழுந்த பெரிய திருக்கையைத் தூக்குவதுபோல் என்னைத் தூக்கிப் படகுக்குள் போட்டார்.

கரையில் இறங்கியபோது மேனேஜர்தான் முதலில் ஓடி வந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, என் மனைவியிடம் திரும்பினார். "நான் போன்லயே கேட்டேம்மா."

கையில் பட்டியல் வைத்திருந்த இளைஞன் மிகவும் மரியாதையாக, "அங்கிள், சூப்பர் முயற்சி. சைக்கிளுக்கு மட்டும் விட முடியாது" என்றான். கெஞ்சிப் பார்த்தேன். கடைசி ஆளாகப் போகிறேன், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஓரமாகப் போகிறேன் என்றேன். அவன் இன்னும் மரியாதையானான். நிறுத்துமிடத்தில் எல்லாச் சைக்கிள்களும் போய்விட்டிருந்தன. என்னுடையது மட்டும், மணமக்கள் பெயர் அச்சடித்த பையைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு, விருந்து முடிந்தும் கிளம்பாத உறவினர்போல் நின்றது. நல்ல வேளை பார்த்து வீட்டைவிட்டுக் கிளம்பி, அலமாரியில் காவல் இருந்து, பாயின் மடியில் உட்கார்ந்து அத்தனை தூரம் பயணம் செய்த அந்த ஹெல்மெட், என் தலையைப் பார்க்காமலேயே ஊர் திரும்பியது.

வரும் வழியெல்லாம் நான் வாதாடினேன். கடலில் இறங்கினேனே, அது கணக்கில்லையா என்றேன். என் மனைவி ஜன்னல் வழியே உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"சைக்கிள் ஓடணும்னுதானே பேச்சு? அது நம்ம ஹால்லயும் நின்னுது, அங்க போயும் நின்னுது. எனக்கு வித்தியாசமே தெரியலையே."

திங்கட்கிழமையே ஆள் வந்து ஊஞ்சலை மாட்டிவிட்டார். பலகையில் படிந்திருந்த தூசியை என் மனைவி என் போட்டித் துண்டால் துடைத்தாள். சைக்கிளோடு நான் வாசலில் நின்றபோது எதிர்க் கதவு திறந்தது.

"எங்க பால்கனில நிறுத்துங்க சார்" என்றார் பாய். "யாரும் தொட மாட்டாங்க. அமானிதம்."

ஆக, என் சைக்கிள் இப்போது தெற்கே, எதிர் ஃப்ளாட்டில் இருக்கிறது. முறைப்படி பார்த்தால் அதுவும் பரஸ்தானம்தான். சாஸ்திரத்தின் கண்ணில் நான் அடுத்த போட்டிக்கு ஏற்கனவே கிளம்பிவிட்டவன். இதை நான் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அத்திம்பேர் வந்தார். ஊஞ்சலில் உட்கார்ந்து, காலால் ஒரு உந்து உந்திவிட்டு, நடந்ததையெல்லாம் சொல்லச் சொன்னார். சொன்னேன். மிதவையைச் சொன்னேன், சூரியனைச் சொன்னேன், படகைச் சொன்னேன், கெஞ்சியதையும் விடாமல் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் ஊஞ்சலை நிறுத்தினார்.

"ஆக மூணுல ஒண்ணுகூட முடிக்கல. போறது, விடு. ரூம்ல வெந்நீர் வந்துதோ?"